புகையைத் தின்ற டின்

ஈர மிளாறு எரியும்போது எழும் புகை முதலில் தொண்டையில் கசக்கும், பிறகுதான் கண்ணைத் தேடி வரும். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சிகளைத்தான் "மிளாறு" என்போம். இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்ட லயத்தின் வரிசை வீட்டில், அடுப்புக்கு மேல் பரணில் அதை அடுக்கிவிட்டால் புகையும் சூடும் பட்டுத் தானே காயும். கூடவே என் வெள்ளைப் பள்ளிச் சட்டையும் பதமாகும். வகுப்பில் எனக்கு "மாசி" என்று கருவாட்டுப் பெயர் வைத்திருந்தார்கள். அதை நான் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன். அம்மாவின் இளைப்பைத்தான் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஊதாங்குழலில் நாலு தரம் ஊதிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சாக்கு கிழிவது போல மூச்சு வாங்குவாள்.

அப்பா "ஸ்டோரு" என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். மேல் கதவைக் கொஞ்சம் திறந்தால் புகையே பற்றிக்கொள்வதைத் தினமும் பார்த்தவர். "புகைங்கிறது எரியாம தப்பிச்சுப் போற விறகுடா. போற வழியில சூடான காத்தக் குடுத்தா அதுவும் எரிஞ்சிரும்" என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது அடுப்புக்காக ஒரு பால்மா டின்னைப் பெரிய பெயின்ட் டின்னுக்குள் விரலிடை விட்டு இறக்கினார். அடியில் காற்று நுழையத் துளைகள், உள் டின்னின் கழுத்தைச் சுற்றி இன்னொரு வரிசை. கழுத்து வரிசையை ஆணியால் குத்தும் பொறுப்பு எனக்கு. நேராகப் போகவேண்டியதை மலை ரோடு மாதிரி வளைத்துக் கொடுத்தேன்.

அப்படியும் அது பற்றியது. இடுக்கு வழியே சூடேறி வந்த காற்று மேல் துளைகளில் புகையைப் பிடித்ததும், துளைக்கொரு தீநாக்கு உள்நோக்கி நீண்டது.

"ஏங்க, அணைஞ்சிருச்சா? புகையவே காணோம்" என்று அம்மா குனிந்து பார்த்தாள்.

அப்புறம் வந்த சில வாரங்கள் அவள் சமைத்துக்கொண்டே பேசினாள். அதற்குமுன் அடுப்படியில் அவள் ஒரு பேச்சை மூச்சு வாங்காமல் முடித்து நான் கேட்டதில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். அம்மா கொழுந்தெடுக்கப் போயிருக்கும் நேரத்தில் கூட்டாளிகளைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு ஜம்புப் பழம் வாங்கிக்கொண்டு, பரணில் நன்றாகக் காய்ந்த மிளாறாகப் பார்த்து எடுத்து, "புகையில்லா நெருப்பு" கொளுத்திக் காட்டினேன்.

மார்கழி மழை இறங்கியது. காய்ந்த விறகு முடிந்திருந்தது. புதிதாகப் பரணில் ஏற்றியது ஏற்றிய ஈரத்தோடே கிடந்தது. இத்தனை காலம் வீணாகப் போன சூடும் அந்தப் பாழாய்ப்போன புகையும்தான் எங்கள் விறகைக் காயவைத்தன என்பது அப்போதுதான் உறைத்தது. புகையைத் தின்ற டின் தன் சாப்பாட்டையும் சேர்த்துத் தின்றுவிட்டது. ஈரக் குச்சியைத் திணித்தால், முன்னைவிடக் கருப்பாகக் கக்கியது.

அம்மா என்னைத் திட்டவில்லை. "ஏன்டா மாசி, ஜம்பு இனிச்சிச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, டின்னைக் கூரை இறவாணத்தில் வைத்துவிட்டுப் பழைய அடுப்பின் முன் ஊதாங்குழலோடு உட்கார்ந்தாள்.

"வெயில் வரட்டும் புள்ள, பாப்போம்" என்றார் அப்பா. வெயில் வந்தபோது டின்னின் அடி துருப்பிடித்துக் கழன்றிருந்தது. இன்னொன்று செய்கிறேன் என்று அவர் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அப்பா இல்லை, பரணும் இல்லை. மாத்தளை டவுனில் என் வீட்டுக் காஸ் அடுப்பில் பொட்டுப் புகை கிடையாது. இருந்தும் சட்டியைத் திறக்கும்போது அம்மா முகத்தைத் திருப்பிக் கண்ணைச் சுருக்குகிறாள். போன வாரம் கிளினிக்கில், மூச்சின் வேகத்தை அளக்க, உள்ளே சின்ன முள் வைத்த ஒரு பிளாஸ்டிக் குழலைக் கொடுத்து, "நல்லா ஊதுங்க அம்மா" என்றார் நர்ஸ்.

அம்மா குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நெருப்பு எங்கடா இருக்கு?"

ஈர விறகையெல்லாம் எரியவைத்தவள், மூன்று தரம் ஊதினாள். முள் லேசாக அசைந்து நின்றுவிட்டது. நர்ஸ் எழுதிக்கொண்டார். அம்மாவைச் சிரிக்கவைக்கலாமென்று நானும் ஒன்று வாங்கி ஊதினேன். முள் கடைசிவரை ஓடியது.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மூச்சை நிறுத்தி நிறுத்தி நர்ஸிடம் சொன்னாள்:

"ஜம்பு தின்னு... வளந்த நெஞ்சு... மிஸ்."