கடைசி வரிக்கு இடமில்லை

சனிக்கிழமை காலை பத்து பத்து. அலுவலகப் படியேறியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சாக்கு. அதன் இழைகளுக்கிடையே வெள்ளை வெள்ளையாக நெல்முளைகள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் முக்கூடல் விவசாயி ஒருவர். கையில் செவ்வாய்க்கிழமை வந்த எங்கள் பேப்பர்.

"அண்ணாச்சி, வியாழக்கிழமை வாய்க்கால்ல தண்ணி வருதுன்னு நீங்கதானே போட்டிய? அத நம்பி விதைநெல்ல ஊறப்போட்டுட்டேன். ஒரு பொட்டுத் தண்ணி வரல. நாத்தங்கால் காஞ்சு கெடக்கு. இத எங்கன விதைக்க? உங்க மேசையிலயா?"

செய்தியை எழுதியவன் நான். மடை பழுதுபார்ப்பதால் கடைமடைப் பகுதிக்கு மட்டும் தண்ணீர் ஒரு வாரம் தாமதமாகும் என்பது என் கடைசி வாக்கியம். அச்சில் அது இல்லை.

அந்த வருடம்தான் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டத் தொடங்கியிருந்தோம். ஒவ்வொரு செய்தியும் ஒரு மாட்யூல், தனிக் கட்டம். பேட்டைப் பட்டறையில் மோட்டாரின் ஒரு பாகத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது போலத்தான் இது என்று கம்ப்யூட்டர் விற்க வந்தவர் விளக்கியிருந்தார். திங்கட்கிழமை ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் ஓர் அங்குலம் வளர்ந்தது. அடுத்த கட்டத்திலிருந்த என் செய்தி ஓர் அங்குலம் சுருங்கியது. செய்தியை அடியிலிருந்து வெட்டுவது எங்கள் தொழில் வழக்கம். படித்துப் பார்த்து வெட்டும் வழக்கம் இல்லை.

செய்தி ஆசிரியர் நாற்காலியை விட்டு எழவில்லை. "எல்லாம் தனித்தனிக் கட்டம்வே. ஒண்ண வெட்டினா இன்னொண்ணுக்கு வலிக்காது."

"எனக்கு வலிக்குல்லா," என்றார் விவசாயி. "கடைமடைக்காரனுக்குத் தண்ணிதான் கடைசியில வரும். சேதியையும் கடைசியிலதான் வைப்பியளோ?"

மோட்டாரில் ஒரு பாகத்தைக் கழற்றினால் மோட்டார் நின்றுவிடும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். செய்தியில் ஒரு வாக்கியத்தைக் கழற்றினால் அது நிற்பதில்லை. பொய்யாகி, ஊர் ஊராக ஓடுகிறது. இந்த வித்தியாசம் அந்த அறையில் யாருக்கும் உறைக்கவில்லை. விளம்பரத்தின் ஓரத்தில் கைவைக்கத்தான் எல்லோருக்கும் பயம்.

இனி ஊறப்போட இருப்பவர்களாவது தப்பட்டும் என்று செய்தி ஆசிரியரிடம் முதல் பக்கத்தில் திருத்தம் கேட்டேன்.

"திருத்தத்துக்கு நாலாம் பக்கத்துல கட்டம் இருக்கு. இடமிருந்தா வரும்."

ஞாயிற்றுக்கிழமை இடமில்லை. கடைமடைக்குத் தண்ணீர் அடுத்த வியாழக்கிழமை வந்தது. முளைத்த விதைநெல்லை அவர் அதற்குள் மாட்டுக்குப் போட்டிருந்தார்.