சல்லடை அக்காவின் பச்சை நோட்டு

எங்கள் அலுவலகத்தில் அவருக்குச் சல்லடை அக்கா என்று பேர். வைத்தவன் நான்தான். கப்பலில் போகும் சரக்குப் பெட்டிகளின் ஆவணங்களைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. பெட்டி ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண் உண்டு. எண் தப்பாக இருந்தால் கணினி சிவப்பு காட்டும்; சரியான எண் எது என்று அதற்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஸ்கேன்ல மூணு எட்டாத் தெரியுது, மாத்திப் பாரு" என்பார். மாற்றினால் சிவப்பு போய்விடும்.

பதினோரு வருஷம் நான் அவருக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தேன். கிழக்கு நாடுகளுக்குப் போகும் கப்பல்களின் தாள்கள், அதாவது கிழக்குப் பாதை, அவருக்கு; மேற்குப் பாதை எனக்கு. நான் ஏனோதானோவென்று வேலை பார்க்கிறவன், அதை மறைப்பானேன்? என் தாள்களை மேலாளரிடம் போகுமுன் அக்கா வாங்கிப் பார்ப்பார். தப்பு இருந்தால் பென்சிலால் சின்ன வட்டம் போட்டு, ஒன்றும் சொல்லாமல் என் மேஜையில் திருப்பி வைப்பார். வட்டம் இல்லாத நாள் குறைவு.

அவர் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். "வண்டிக்கு முன்னாடி டிரைவர் நான் ரிட்டயர் ஆயிட்டேன்" என்று அவரே சிரிப்பார். செலவு முழுக்க எங்கள் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில் நடந்தது. அக்காவுக்கு இந்த வேலை போனால் அந்த மனிதருக்குச் சிகிச்சை போகும். அது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும், மேலாளருக்கும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான்கு மாதத்தில் எங்கள் பிரிவு முழுவதும் வெளிநாட்டுக்குப் போகிறதாம். அங்கே எடுத்திருக்கும் ஆட்களுக்கு நாங்களே வீடியோவில் வேலை கற்றுத்தர வேண்டும், ஆளுக்கு இரண்டு பேர்.

"யார் நல்லா சொல்லித் தர்றீங்களோ, அவங்களுக்குப் புதுப் பயிற்சி கொடுத்து இங்கயே தரவுப் பிரிவுல எடுத்துப்போம்" என்றார்.

நம் தலையில் போட நம்மையே கல்லைத் தூக்கச் சொல்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா மட்டும் அதை நம்பினார். நம்பாமல் அவர் வேறு என்ன செய்வார்? மறுநாளே குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டார். எந்தத் துறைமுகத்தில் எந்தத் தாள் கேட்பார்கள், எந்த வாடிக்கையாளர் எடையைக் குறைத்துப் போடுவார், எல்லாம். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தன் இரண்டு ஆட்களின் வேலையைப் பார்ப்பார். தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து சொல்லித் தருவார்.

"எல்லாத்தையும் சொல்லிடாதீங்கக்கா. கொஞ்சம் கைவசம் வச்சுக்குங்க" என்றேன்.

"அரைகுறையாச் சொல்லித் தர எனக்கு வராது தம்பி. எண் தப்பாப் போனா எவனோ ஒருத்தன் துறைமுகத்துல பெட்டி வராம நாள்கணக்கா நிப்பான்."

எனக்கு அரைகுறையாக நன்றாகவே வந்தது. பாதி கோபம், பாதி சோம்பல். என் ஆட்கள் இருவரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சந்தேகம் கேட்டார்கள்.

நான்காவது மாதம் எங்கள் இருவரையும் மேலாளர் ஒன்றாக அழைத்தார்.

"உங்க ஆளுங்க ஆறு வாரமா ஒரு சந்தேகம்கூடக் கேட்கல, மேடம். பிரமாதம்" என்றார். அக்கா முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. "அதனால கிழக்குப் பாதைக்கு இனி இங்க ஆள் வேண்டாம்னு தலைமையகத்துல முடிவு பண்ணிட்டாங்க. மேற்குலதான் இன்னும் தடுமாறுறாங்க. அதுக்கு ஒரு ஆள் இருக்கட்டும்னு இவரை வச்சுக்கறோம்."

"தரவுப் பிரிவு?" என்றார் அக்கா.

"அது தள்ளிப் போயிருக்கு, மேடம்."

"காப்பீடு எது வரைக்கும் இருக்கும் சார்?"

"இந்த மாசக் கடைசி வரைக்கும்."

நன்றாகக் கற்றுத்தந்தவருக்கு வேலை இல்லை. கெடுத்தவனுக்கு வேலை உண்டு. நான் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

மிச்சமிருந்த இரண்டு வாரமும் அக்கா குனிந்த தலை நிமிராமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். வேறு வேலைக்கு விண்ணப்பம் போலிருக்கிறது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. கடைசி நாள், டம்ளரையும் குடையையும் பையில் போட்டுக்கொண்டபின், ஒரு பச்சை நோட்டை என் மேஜையில் வைத்தார்.

"உன் மேற்குப் பாதைதான். பதினோரு வருஷமா வட்டம் போட்ட தப்பெல்லாம் ஞாபகம் இருந்துச்சு, எழுதிட்டேன். இதை அவங்களுக்கு அனுப்பிடு. ஒரே வாரத்துல தேறிடுவாங்க. உன்னைப் பத்துத் தடவை கூப்பிட்டுத் தொல்லை பண்ணமாட்டாங்க."

புரட்டிப் பார்த்தேன். என் வேலை மொத்தமும் அதில் இருந்தது, எனக்கே தெரியாததும் சேர்த்து. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நான் அதை அனுப்பவில்லை. மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். வெளிநாட்டிலிருந்து சந்தேகம் வரும்போது திறந்து, பார்த்து, ஒவ்வொன்றாகப் பதில் சொல்வேன். என் பதில்கள் தெளிவாக இருக்கின்றன என்று மேலாளர் பாராட்டினார்.

ஐந்து மாதம் கழித்து அக்கா போன் செய்தார். அரசு மருத்துவமனையில், கணவரின் முறைக்காகக் காத்திருந்தபடி பேசினார். அங்கே கூட்டம் அதிகம், வாரத்துக்கு இரண்டு நாள்தான் கிடைக்கிறதாம். கணவருக்குக் கால் வீங்கியிருக்கிறது, சிரிப்பதைக் குறைத்துவிட்டார் என்றார். எத்தனையோ இடத்தில் வேலை கேட்டாயிற்று, வயதைக் கேட்டதும் அப்புறம் கூப்பிடுகிறோம் என்கிறார்களாம்.

பிறகு கேட்டார், "நோட்டை அனுப்பிட்டியா தம்பி?"

"அனுப்பிட்டேன்க்கா."

"தேறிட்டாங்களா?"

"நல்லாத் தேறிட்டாங்கக்கா."

அந்தப் பக்கம் யார் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல் பதறியது.

"ஐயோ, அவங்க தேறிட்டா உன்னையும் அனுப்பிடுவாங்களே! எனக்கு நடந்தது உனக்கும் நடக்குமேன்னு நான் யோசிக்கவே இல்லையே தம்பி. என்னால உன் வேலையும் போயிடுச்சா?"

"இல்லக்கா, போகல" என்றேன். நோட்டு என் மடியில் திறந்து கிடந்தது.