மாதா எண்ணெய்ப் புட்டியில் இருந்த மருந்து

என் மனைவி கணக்கு டீச்சர். கணக்கில் மட்டுமல்ல, வாழ்க்கையிலும் அவளிடம் மழுப்பலான விடை செல்லாது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடித்த பிறகு, அவள் பாதங்களில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் ஓர் எரிச்சல் தங்கிவிட்டது. எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. கடைசியில் ஓர் ஆயுர்வேத டாக்டர், கஞ்சா இலையிலிருந்து எடுத்த எண்ணெய் மருந்தை எழுதிக் கொடுத்தார். நாக்கின் அடியில் இத்தனை சொட்டு, மாதம் ஒருமுறை நேரில் வந்து காட்ட வேண்டும். சீட்டோடு சட்டப்படி வாங்கும் மருந்துதான். இரண்டே வாரத்தில் அவள் நன்றாகத் தூங்க ஆரம்பித்தாள்.

தூக்கம் போனது எனக்கு. பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். கஞ்சா வாடை அடித்த ஆட்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியவன். இப்போது அதே பெயர் என் வீட்டு மருந்துச் சீட்டில். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கனடாவில் இருக்கும் எங்கள் மகள் வீடியோ காலில் சிரித்தாள். "அப்பா, இங்க தெருவுக்குத் தெரு கடை. மிட்டாய் மாதிரி விக்கிறாங்க. கடை வந்தப்புறம் எனக்குத் தெரிஞ்சவங்க நிறைய பேர் இதுக்காக டாக்டர்கிட்ட போறதையே விட்டுட்டாங்க. நானே தலைவலிக்குக் கடையிலதான் வாங்கறேன். கிறிஸ்மஸ்க்கு வரப்ப அம்மாவுக்கும் ஒரு டப்பா எடுத்துட்டு வரேன்."

சீட்டும் வேண்டாம், க்ளினிக்கும் வேண்டாம் என்றதும் எனக்கு இனித்தது. மனைவி போனைப் பிடுங்கினாள்.

"ஏர்போர்ட்ல மாட்டினா உன்னை ஜெயில்ல வந்து பாக்கணுமா? அது கிடக்கட்டும். எனக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஓடுது. அதோட இது சேருமான்னு உன் கடைக்காரன் பாப்பானா? உனக்கு ஏன் தலைவலி வருதுன்னாவது கேட்டானா?"

மகள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அங்க வெட்கம் போச்சு, சந்தோஷம். கூடவே டாக்டரையும் அனுப்பிட்டீங்களே! மொதல்ல போய்த் தலையைக் காட்டு."

அடுத்த மாதம் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்த பதினைந்து குடும்பங்கள் ஜெபிக்க வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் ஒரு வழி கண்டேன். மருந்தை, வேளாங்கண்ணி கோயிலில் தரும் மாதா எண்ணெயின் காலிப் புட்டியில் ஊற்றி, மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அங்கே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் அல்லவா!

சந்தேகப்படவில்லைதான். ஜெபம் முடிந்ததும் பக்கத்துத் தெரு அக்கா நேராகப் போய்ப் புட்டியை எடுத்தார். அவர் கணவருக்கு முதுகெலும்பில் புற்றுநோய். "டீச்சர், மாதா எண்ணெய் கொஞ்சம் ஊத்திக்கவா? வலியில துடிக்கிறாரு. தேய்ச்சு, ஒரு ஸ்பூன் வாயிலயும் ஊத்தறேன்."

மனைவி என்னை ஒருமுறை முறைத்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, வகுப்பில் பாடம் நடத்தும் குரலில் சொன்னாள்.

"அக்கா, அது மாதா எண்ணெய் இல்ல. கஞ்சா இலையில செஞ்ச மருந்து. எனக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது. என் வீட்டுக்காரர் பயந்துக்கிட்டு ஒளிச்சு வெச்சிருக்காரு."

காபி டம்ளர்கள் அப்படியே நின்றன. யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவளோ அசையவில்லை. நாற்பது வருஷமாக இவளோடு குடித்தனம் செய்கிறேன். அன்றைக்குப் போல் நான் பெருமைப்பட்டதே இல்லை.

அக்கா புட்டியைக் கீழே வைக்கவில்லை. "அப்ப இது வலிக்குக் கேக்குமா?"

"எனக்குக் கேட்டுச்சு. ஆனா என் சொட்டு அவருக்கு ஆகாது. டாக்டர் அவரைப் பாத்து எழுதணும்."

"எந்த டாக்டர் டீச்சர்?"

மனைவி என்னைப் பார்த்தாள். பதினைந்து குடும்பமும் என்னைப் பார்த்தது. நான் எழுந்து நின்றேன்.

"நாளைக்குக் காலையில அண்ணனை நானே கூட்டிட்டுப் போறேன் அக்கா," என்றேன். "என் பெண்டாட்டிக்குக் கஞ்சா மருந்து அங்கதான் வாங்கறேன்."