குழாய் விலகிப்போன கல்லறை

முர்மானைப் பற்றி நல்லதாக ஒன்று சொல் என்று யாராவது கேட்டால், அவன் நிலத்தில் உருளைக்கிழங்கு நன்றாக விளையும் என்பேன். அதிலும் பாதி அவன் அம்மா பெலகியாவின் முதுகெலும்பு. வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவள் நான். அவன் அப்பா ஷாக்ரோவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் என் கணவர் நோதாரும் ஒருவர். ஷாக்ரோ தங்கமான மனிதர். பிள்ளைதான் இப்படி வாய்த்தது.

ஷாக்ரோ போன கொஞ்ச நாளில் எரிவாயுக் குழாய் வந்தது. பக்கத்து நாட்டுப் பாகுவில் புறப்பட்டு, எங்கள் ஜார்ஜியாவுக்குள் நுழைந்து, துருக்கிப் பக்கம் வெளியேறுகிற குழாய். மூன்று நாட்டுப் பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டுக் கைகுலுக்கிக்கொண்டார்கள். எங்கள் புல்வெளிக்குக் கீழே போகிற வாயு எங்கேயோ யார் வீட்டுக் குளியலறையையோ சூடாக்கும். எங்கள் அடுப்பில் அன்றும் வறட்டி, இன்றும் வறட்டி. எங்களுக்குக் கிடைத்தது பள்ளிக்கூடத்தில் ஒரு விளக்கக் கூட்டமும், ஆளுக்கொரு பேனாவும்.

குழாயின் வழிக்கு அடையாளமாக நட்ட முளைக்குச்சிகள் முர்மானின் மேட்டுப் புல்வெளி வழியாகத்தான் போயின. அதற்கே நல்ல நஷ்டஈடு உண்டு. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வாங்கியிருப்பான். ஆனால் கூட்டத்தில் மொழிபெயர்க்கத் தலைநகர் திபிலீசியிலிருந்து வந்த பெண் ஒரு வார்த்தை சொன்னாள்: "உங்க நிலத்துல கல்லறை ஏதாவது இருந்தா மறைக்காம சொல்லிடுங்க. அதுக்குத் தனி மரியாதை உண்டு." கம்பெனிக்காரன் வாயில் மரியாதை என்றால் பணத்தைத் தவிர வேறு என்ன இருக்க முடியும் என்று முர்மானின் மூளை கணக்குப் போட்டது. பேராசைக்காரனுக்கு மூளை அந்த ஒரு திசையில்தான் ஓடும்.

அந்த வாரமே இடிந்த ஆலையிலிருந்து ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டு வந்தான். அதில் ஒரு சிலுவையும் 'தாதேயோஸ்' என்ற பெயரும் செதுக்கிப் புல்வெளி நடுவில் நட்டான். கல் பழையதாகத் தெரியவேண்டும், பாசி பிடிக்கவேண்டும் என்று வாளி நிறையத் தயிர் கொண்டுபோய்ப் பூசினான். ஊர் நாய்களெல்லாம் அங்கேதான் நின்றன. நோதார் வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"என்னடா முர்மான், கல்லுக்குப் பசிக்குதா?"

"எங்க தாத்தாவோட தம்பி, நோதார் அண்ணே. இத்தனை நாளா கவனிக்காமலே விட்டுட்டோம்."

"உங்க தாத்தா ஒத்தைப் பிள்ளைன்னு எங்கப்பா சொல்வாரே."

"சின்ன வயசுலயே வீட்டை விட்டுப் போயிட்டாரு."

"போனவரு, சாகறதுக்கு மட்டும் உன் புல்வெளிக்குத் திரும்பி வந்தாராக்கும்."

கம்பெனி என்ஜினீயர் வந்தார். வெள்ளைக்காரர். கல்லைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். இறந்தவர்களின் தூக்கத்தைக் கெடுக்கமாட்டோம், குழாயை விலக்கிக் கொண்டுபோகிறோம் என்றார். குழாய் விலகினால் முர்மானுக்கு ஒரு காசும் இல்லை. "எடுத்து வேற இடத்துல வச்சுக்கலாங்க, எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்று அவர் பின்னாலேயே ஓடினான். அந்தப் பெண் அதை மொழிபெயர்த்தாள். என்ஜினீயர் அவன் தோளைத் தட்டி, அவ்வளவு பெரிய தியாகத்தைக் கேட்க எங்களுக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முளைக்குச்சிகள் எங்கள் புல்வெளிக்கு இடம் மாறின. பள்ளம் தோண்டினார்கள், குழாயைப் பற்றவைத்து இறக்கினார்கள், மண்ணை மூடிப் புல் விதைத்துவிட்டு எல்லைப்பக்கம் போனார்கள். நஷ்டஈட்டில் நாங்கள் கூரைக்குப் புதுத் தகரம் போட்டோம். முர்மானுக்கு மிஞ்சியது தயிர் நாற்றம்.

அதோடு போயிருக்கும். ஆனால் எங்கள் ஊரில் அம்ப்ரோசி என்று ஒருவர் இருக்கிறார். எந்த விருந்தானாலும் மேசைத் தலைவர் அவர்தான். அவர் கோப்பையைத் தூக்கினால் ஊரே தூக்கும். ஈஸ்டருக்கு மறுநாள் எல்லோரும் சிவப்பு முட்டையும் திராட்சை மதுவுமாக அவரவர் கல்லறைக்குப் போகும் நேரத்தில், அம்ப்ரோசி மதுக்குடத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தார். பின்னாலேயே பாதி ஊர் போனது.

"பாவம், தாதேயோஸ் தனியா கிடக்காரு" என்றார் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். "முர்மான், விரிப்பைப் போடு. அவரைப் பத்தி நாலு வார்த்தை நீதான் சொல்லணும்."

யார் வீட்டுக் கல்லறையோ அவர்கள்தான் சோறு போடவேண்டும். முர்மான் ஆட்டை அறுத்தான், குடத்தைத் திறந்தான், புளுகினான். புளுகினாலும் பொருந்தப் புளுகவேண்டாமா? ஒரு வருஷம் தாதேயோஸுக்குப் போரில் ஒரு கை போய்விட்டது. அடுத்த வருஷம் இரண்டு கையாலும் கரடியின் கழுத்தை நெரித்தார். அம்ப்ரோசி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். ஆண்கள் எழுந்து நின்று குடிப்பார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

அந்த நேரத்தில் பெலகியா கீழே ஊர்க் கல்லறையில் ஷாக்ரோவின் பக்கத்தில் ஒற்றை முட்டையோடு தனியாக உட்கார்ந்திருப்பாள். மகன் வந்து அப்பாவுக்கு ஒரு கோப்பை ஊற்றவேண்டும். அவள் கேட்டது அது ஒன்றைத்தான். வேலி வழியாக என் காதிலேயே விழுந்தது.

"இந்த வருஷமாவது அப்பா பக்கத்துல வந்து உட்காருடா."

"ஊரே மேட்டுக்கு வருதும்மா. விட்டுட்டு எப்படி வர?"

"அங்க யாரும் இல்லன்னு சொல்லிட்டு வா. ஒரு வார்த்தை. ஒரு நாள் சிரிப்பாங்க, மறுநாள் மறந்துடுவாங்க."

"சொன்னா அப்புறம் நான் ஊர்ல தலை காட்டவா?"

என்னமோ அதுவரை காட்டிய தலை பெரிய தலை மாதிரி. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜாதி அவன். பெலகியா முட்டையை எடுத்துக்கொண்டு தனியாகவே கீழே நடந்தாள். அவன் வரவில்லை.

போன இலையுதிர்காலத்தில் அவள் படுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஷாக்ரோ பக்கத்துல, லாமாரா. அந்தப் பக்கம் இடம் விட்டுத்தான் வச்சிருக்கு" என்றாள். இரண்டு நாளில் போய்விட்டாள்.

எங்கள் ஊரில் குழி தோண்டுவது அக்கம்பக்கத்து ஆண்கள். மண்வெட்டியோடு வாசலில் நின்றார்கள். அம்ப்ரோசி பெட்டிக்குப் பக்கத்தில் வந்தார். இத்தனை வருஷ விளையாட்டை அன்றைக்கு முடித்துவிட நினைத்தார் போல. தாயின் பிணத்துக்கு முன்னாலாவது இவன் உண்மையைச் சொல்லுவான் என்று நம்பினார். அம்ப்ரோசியின் புத்தியும் அவ்வளவுதான். எதைவைத்து விளையாடுவது என்று தெரியாத மனிதர்.

"முர்மான், எங்கடா தோண்டறது? உங்க குடும்பத்துப் பெரியவரு மேட்டுல இருக்காரு. அங்கயா, கீழயா? நீயே சொல்லு."

"அவ ஷாக்ரோ பக்கத்துலதான் கேட்டா" என்றேன் நான்.

முர்மான் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான். எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது எங்க குடும்ப விஷயம், லாமாரா அக்கா" என்றான். "மேட்டுலயே தோண்டுங்க."

அம்ப்ரோசி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "டேய், வேணாம்டா. நான் சும்மா கேட்டேன். கீழ இடம் இருக்கு."

"எங்க இடம் அதுதான்."

பெற்ற பிள்ளையின் சொல்லை மீறி யார் தோண்டுவார்கள்? மேட்டில் அந்தக் கல்லை ஒட்டித் தோண்டினார்கள். கல்லுக்கு அடியிலும் மண் பாறை மாதிரி இறுகிக் கிடந்தது, உலகம் உண்டான நாளிலிருந்து ஒரு மண்வெட்டியும் படாத மண். தோண்டிய ஆறு பேரும் பார்த்தார்கள், நாங்களும் பார்த்தோம். மண்வெட்டி நிற்கவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

குழியை மூடியதும் மது ஊற்றுகிற முறை வந்தது. முர்மான் கோப்பையை நிரப்பி, வயதில் மூத்தவருக்குத்தான் முதல் மரியாதை என்று தாதேயோஸின் கல்லில் ஊற்றினான். மிச்சத்தை அம்மாவுக்கு ஊற்றினான்.