தேசி மரத்துக்கு அம்மை போட்ட கதை

எனக்கு வந்த அம்மைதான் எங்கள் தேசி மரத்துக்கும், அதாவது எலுமிச்சைக்கும், தொற்றிவிட்டது என்று ஒன்பது வயதில் மனதார நம்பினேன். சிரிக்க வேண்டாம், என்னிடம் ஆதாரம் இருந்தது. அம்பிட்டியவில் எங்கள் வீடு சரிவில் இருந்தது. அம்மை இறங்கி எனக்குத் தலைக்கு ஊற்றியபோது, மஞ்சளும் வேப்பிலையும் கலந்த அந்தத் தண்ணீர் முழுக்க குசினிக்குப் பின்னாலிருந்த மரத்தடிக்குத்தான் ஓடியது. கொஞ்ச நாளில் கீழ்க்கிளை ஒன்றில் இலையிலும் காயிலும் பழுப்புப் பொருக்குகள். என் முதுகில் இருந்தவை மாதிரியே. மரத்துப் பொருக்கைச் சுற்றி மட்டும் ஒரு மஞ்சள் வளையம். மஞ்சள் தண்ணீர் குடித்த மரம் அல்லவா, அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன்.

குற்றவாளி நான் என்பதால் வைத்தியமும் நானே பார்த்தேன். அம்மா கண்டிச் சந்தையில் வாங்கிய வேப்பிலை மிச்சமிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொத்தை மஞ்சள் தண்ணீரில் தோய்த்து, நோய் கண்ட கிளையில் தொடங்கி எட்டிய மட்டும் தெளிப்பேன். அதே கொத்தால் இலைகளைத் தடவியும் கொடுப்பேன். எனக்கு அரித்தபோது அம்மா அப்படித்தான் செய்தார். மாதம் முடிவதற்குள் மரம் முழுக்கப் பொருக்கு. இறங்குவதற்கு முன் ஒருமுறை உச்சத்துக்கு ஏறும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

அப்பா தேறவில்லை. காயெல்லாம் கொட்டுகிறது, மரத்தைத் தறித்துவிடலாம் என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மை கண்ட வீட்டில் தாளிப்பதே இல்லை, இவர் கோடரி எடுக்கிறாரே! ஞாயிறு காலை ஓடிப்போய் மரத்தைக் கட்டிப்பிடித்தேன். தேசி மரத்தைக் கட்டிப்பிடிப்பது புத்தியுள்ளவன் செய்கிற காரியமல்ல. முள் வயிற்றில் ஏறியது.

"மாரியாத்தா வந்த மரத்துல வெட்டு போடக் கூடாதுங்கப்பா. எங்கிட்டயிருந்துதான் அதுக்கு வந்துச்சு."

அம்மா சிரித்தே விட்டார். அப்பா சிரிப்பை அடக்கினாரா கோபத்தை அடக்கினாரா, தெரியவில்லை. தன் அண்ணன் சாப்பாட்டுக்கு வருகிறார், அவர் பார்க்கட்டும் என்று அம்மா கோடரியை வாங்கி வைத்தார். தெல்தெனியப் பக்கம் பழத்தோட்டமொன்றில் வேலை பார்த்த என் தாய்மாமா, வந்ததும் ஓர் இலையை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"சொறி நோய் மச்சான். மரத்த ஏன் சாகடிக்கிறீங்க, சீக்குப் புடிச்ச கெளையக் கழிச்சாப் போதும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மருமகனே, எலையில தண்ணி கிண்ணி தெளிச்சீங்களா?"

பெருமையோடு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார்.

"நல்ல டாக்டரு," என்றார்.

மழை விட்டு மரம் நன்றாகக் காய்ந்த பிறகு இருவரும் கிளைகளைக் கழித்தார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை பிளீச்சிங் தூள் கரைத்த தண்ணீரில் முக்கினார்கள். கழித்ததையும் கீழே கொட்டியதையும் எரித்தார்கள். துளிர் விட்டபோது மாமா செப்பு மருந்து அடித்தார். அடுத்த வருடம் அம்மா இரண்டு ஜாடி ஊறுகாய் போட்டார். மரத்தைப் பிழைக்க வைத்தவன் நான்தான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மாமா கொடுத்த பட்டத்தை அப்படியே நம்பிவிட்டேன்.

சொறிக் கிருமி தெறிக்கிற தண்ணீரிலும் ஈரக் கையிலும்தான் பரவும். ஒரு கிளையோடு இருந்த நோயை மரம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்.