இல்லாத நோட்டில் முப்பத்தொரு கையெழுத்து

மணப்பட்டுக் கடற்கரையில் கட்டிக்கொண்டிருந்த விடுதியை எதிர்த்து ஊரே மனுக் கொடுத்தது. மறுநாளே பனைமர ஓரம் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. கூரையில் இரண்டு ஆன்டெனா. உள்ளே இருக்கும் கருவி டவர்போல நடித்துச் சுற்றிலுமுள்ள செல்போன்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று பேச்சு. மூன்றாம் நாள் காலை ஏழே காலுக்கு விடுதியின் சுற்றுச்சுவரை யாரோ இடித்தார்கள். என் தம்பியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன்.

"செவுரு வுழுந்தப்ப உன் போன் அங்கதான்டா இருந்துச்சு" என்றார் ரைட்டர்.

"போன் இருந்துச்சு சார். நான் கடல்ல இருந்தேன்."

உப்புத்தண்ணீருக்குப் பயந்து எங்கள் ஆட்கள் படகுக்கு ஒரு போன் மட்டும் எடுத்துப்போவார்கள். மற்றதெல்லாம் அந்தச் சுவரை ஒட்டிய வலைக்கொட்டகையில், பழைய ஐஸ்பெட்டிக்குள் கிடக்கும். அன்று பதினேழு கிடந்தன. ஓர் ஐஸ்பெட்டியைக் கலகக் கும்பலாகக் கண்டுபிடித்த விஞ்ஞானத்தை மெச்சத்தான் வேண்டும். மனுவில் முதல் கையெழுத்து தம்பியுடையது என்பதால் பதினேழில் அவன் போன் மட்டும் குற்றம் செய்திருந்தது.

தினமும் பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள், ஞாயிறு உட்பட. விடியுமுன் கிளம்பும் படகு திரும்பவே மதியமாகும். அதாவது, அவனுக்குக் கடல் இல்லை.

அவன் கையெழுத்துப் போடத் தொடங்கிய மூன்றாம் நாள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தேன். வேனில் என்ன கருவி? யார் உத்தரவு? தம்பி அங்கே இருந்ததற்கு என்ன ஆவணம்? அவன் கையெழுத்துப் போடும் நோட்டின் நகல் கிடைக்குமா?

சட்டம் கொடுத்த முப்பது நாளில் ஒன்றை மிச்சம் பிடித்துப் பதில் வந்தது. முதல் இரண்டும் பாதுகாப்பு கருதித் தெரிவிக்க இயலாது. மற்ற இரண்டும், "அத்தகைய ஆவணம் எதுவும் இந்நிலையத்தில் பராமரிக்கப்படவில்லை."

தம்பி இருமுறை படித்தான். "இன்னாக்கா இது? முப்பத்தோரு நாளா எதுல போட்டேன் கையெழுத்து?"

மறுநாள் பத்துக்கு அதையே ரைட்டரிடம் கேட்டேன். கடிதத்தைப் படித்தார். மேஜைமேல் விரித்திருந்த நோட்டைப் பார்த்தார். மெதுவாக மூடி டிராயருக்குள் தள்ளினார்.

"சரி, இனிமே வர வேணாம்."

"அதை எழுதிக் குடுங்க சார்."

"இன்னான்னும்மா எழுதறது? இல்லாத நோட்டுல கையெழுத்துப் போட வர வேணாம்னா?"

நியாயமான கேள்வி. யோசிக்க ஆரம்பித்தேன். தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான்.

"வாக்கா, அந்தாளு மனசு மாறுறதுக்குள்ள. வலை சரிபண்ணணும், நாளைக்கு படகு போவுது."