அக்கா ரிவர்ஸ் எடுத்த நாள்

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. தம்பி எழுதும் கட்டுரையில் கண்ணீரை எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். "எழுதுனா ஒழுங்கா எழுதுடா, ஒப்பாரி வைக்காத" என்று சொல்லக்கூடியவர் அவர்.

முதலில் உங்கள் மனக்குறையைத் தீர்த்துவிடுகிறேன். நம் வீட்டு விசேஷம் எதுவானாலும், மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா வந்து உட்கார்ந்துவிடுவார். முதல் பந்தியில் சாப்பிட்டு, தாம்பூலப் பையை வாங்கிய கையோடு கிளம்பிவிடுவார். "டீச்சருக்கு நம்மகூட ரெண்டு வார்த்த பேச நேரமில்ல" என்று குறைப்பட்டவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். அக்காவுக்குக் கர்வமும் இல்லை, அவசரமும் இல்லை. காரை ரிவர்ஸ் எடுக்கப் பயம். சாலையைப் பார்த்தாற்போல் வண்டியை நிறுத்த இடம் கிடைக்க வேண்டும் என்று முதலில் வருவார். மற்றவர்கள் வண்டி வந்து அடைத்துக்கொள்வதற்குள் போய்விடுவார். அம்புட்டுத்தான் விஷயம்.

அக்கா பிறந்தது மேலூருக்குப் பக்கத்தில், நெல் விளையும் ஒரு சிற்றூரில். எங்கள் அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, எனக்குத் தலைவாரி, சோறு கட்டிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். அவரும் படித்தார். மேலூரிலேயே கணக்கு ஆசிரியையாகி, ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை பார்த்தார். அத்தானைக் கைப்பிடித்த பிறகு ஒத்தக்கடையில் வீடு கட்டிக்கொண்டார்கள். ஒரே மகள் மீனா.

அத்தானுக்குக் கார் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் துடைத்துக்கொண்டே இருப்பார். அவருக்கு நெஞ்சு வலி வந்த மத்தியானம் அந்தக் கார் வாசலில்தான் நின்றது. ஓட்டத் தெரிந்தவர் கட்டிலில் கிடந்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா தெருவில் இறங்கி யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் "ஆம்புலன்ஸ் வந்துரும் டீச்சர்" என்றார்கள். அது வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்கா டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். அறுபதைத் தாண்டிய வயதில், கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே, வெயிலுக்குத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றார். நான் சிரித்தேன். "சிரிடா. நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா நான்தான் வரணும்" என்றார். லைசென்ஸ் வாங்கிய மறுவாரமே தனியாக மேலூர் வரை போய்வந்தார். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

அந்தத் தெம்பெல்லாம் போனது எங்கள் செல்லூர்த் தெருவில். ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது வண்டியைப் பின்னால் எடுத்தார். தெருவில் தறிக்காரர்கள் நெசவுக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. பம்பரில் நூல் மாட்டி, அத்தனையும் அறுந்து கீழே விழுந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிய தறிக்காரர்கள் நாலு பேர் ஓடிவந்து அறுந்த நூலைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். அக்கா கூனிக்குறுகிப்போனார். அறுந்த இழைகளை அவர்கள் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை, சாயந்தரம் வரை அவர்களோடேயே உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து ரிவர்ஸ் கியரைத் தொடவே மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சுருங்கியது. விளக்கு வைத்த பிறகு ஓட்ட மாட்டார். மழை தூறினால் சாவி ஆணியிலேயே தொங்கும். சித்திரைத் திருவிழா முடியும்வரை ஆற்றுப் பாலம் பக்கமே தலைகாட்ட மாட்டார். வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நேரே போய், எங்கேயோ சுற்றிக்கொண்டு வருவார். பெங்களூரிலிருந்து மீனா போன் போட்டு, "இம்புட்டுப் பயந்துக்கிட்டு எதுக்கும்மா ஓட்டுற? வித்துரும்மா" என்பாள். "பயந்து பயந்து ஓட்டுறதுனாலதான்டி இன்னும் ஓட்டுறேன். முடியலன்னா நானே சொல்லுவேன்" என்பார் அக்கா. அந்தச் சாவி கையைவிட்டுப் போனால் மறுபடியும் தெருவில் நிற்க வேண்டிவரும் என்பது அவருடைய பயம். அதை எங்களிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள மாட்டார்.

நானோ நேரெதிர். எழுபது வயதிலும் ரிங் ரோட்டில் என்னை யாரும் முந்தக் கூடாது. என் வண்டியில் அக்கா ஒரு நாளும் ஏறியதில்லை. "ஒனக்கு தைரியம் அம்புட்டு இருக்கு. வண்டிலதான் நசுங்காத எடமே இல்ல" என்பார். ஆகவே விசேஷம் எதுவானாலும் நான்தான் அவர் வண்டியில் ஏறிக்கொண்டு, விடிந்ததுமே போய் உட்கார வேண்டும்.

மேலூரில் நம் பெரியசாமி அண்ணன் மகள் கல்யாணம் உங்களுக்கு நினைவிருக்கும். முதல் பந்தியில் சாம்பார் ஊற்றும்போது எனக்கு நெஞ்சை அடைத்தது. வியர்த்துக் கொட்டியது. அக்கா இலையை விட்டு எழுந்துவிட்டார். என்னைத் தாங்கிக்கொண்டுபோய்க் காரின் பின்சீட்டில் போட்டார்கள். வண்டி வழக்கம்போல் சாலையைப் பார்த்துத்தான் நின்றது. ஆனால் அதற்கு முன்னால் ஐஸ்கிரீம் வேன் ஒன்று குறுக்கே நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். வெளியே போக ஒரே வழி, மண்டப வாசலைத் தாண்டிப் பின்பக்கச் சந்து வழியாகத்தான். முழுக்க ரிவர்ஸ்.

"ஆம்புலன்ஸ் வந்துரும் டீச்சர், இருங்க" என்றார் ஒருவர்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அக்கா கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பினார். வெளியே ஆளாளுக்கு ஒரு பக்கம் கை காட்டிக் கத்தினார்கள். அக்கா கண்ணாடியை இறக்கி, வகுப்பறைக் குரலில், "எல்லாரும் வாய மூடுங்க!" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "டேய் தம்பி, நீ மட்டும் பின்னாடி பாத்துச் சொல்லு" என்றார்.

நெஞ்சு வலிக்காரன் நான். எழுந்து உட்கார்ந்து, சீட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "வா... வா... வரலாம்க்கா... லெப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... வா..." மண்டப வாசலில் கட்டியிருந்த வாழைமரம் ஒன்று தாரோடு சாய்ந்து வண்டி மேல் விழுந்தது. "ஐயையோ, மரம்டா!" என்று அக்கா பிரேக்கை மிதித்தார். பெரியசாமி அண்ணன் ஓடிவந்து மரத்தை இழுத்துப் போட்டு, "மரம் கெடக்கட்டும் தாயி, நீ போ!" என்றார். அக்கா போனார். சந்து முழுக்கப் பின்னாலேயே போய், சாலையில் ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். அக்கா அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அத்தானுக்காகவும் சேர்த்து அழுது தீர்த்தார்.

அதன் பிறகு நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். அக்கா கடைசிப் பந்திவரை இருக்க ஆரம்பித்தார். வெற்றிலையை மடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார். "கெளம்பலயாக்கா? வண்டி அடைச்சுக்கிருமே" என்று நான் சீண்டினால், "அடைச்சா என்னடா? பின்னாடி எடுத்துக்கிட்டாப் போச்சு" என்பார். இருட்டிலும் மழையிலும் ஓட்டாத வழக்கத்தை மட்டும் விடவேயில்லை. ஒரு நாள், எதிரே வந்த ஆட்டோ இரண்டாகத் தெரிகிறது என்று சொல்லி, அவராகவே மீனாவை வரவழைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. சில மாதம் கழித்து, சிறிது நாளே உடம்புக்கு முடியாமல் இருந்து, மகள் மடியில் நிம்மதியாகக் கண் மூடினார்.

கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வேளைக்குக் கஞ்சி கொண்டுவந்த ஒத்தக்கடை அக்கம்பக்கத்தாருக்கும், வாழைமரத்தை இழந்த பெரியசாமி அண்ணனுக்கும், பாவு அறுந்தும் ஒரு வார்த்தை கடிந்து பேசாத என் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு நாளன்று வருகிறவர்கள் வண்டியை எப்படி வேண்டுமானாலும் நிறுத்துங்கள். கடைசிப் பந்திவரை இருந்து, பேசிவிட்டுப் போங்கள். அக்கா கொடுத்த உயிரோடு நான் வாசலில்தான் நிற்பேன். பின்னால் பார்த்துச் சொல்கிறேன்.